அளவுத் தண்ணீரில் ஒரு தோட்டம்

அப்பு, ஒரே கூரைக்கடியில் இருந்துகொண்டு இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள், மிஷினில் ரத்தத்தோடு மூளையும் போய்விட்டதா என்று நீ சிரிக்கலாம். சிரி. நீ சிரித்து நாளாகிறது. தேனி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகிறது, இன்னொன்றின் வழியாகச் சுத்தமாகித் திரும்பி வருகிறது. நாலு மணி நேரம் அசையக்கூடாது. வலது கை சும்மாதான் கிடக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், நீதான் கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டும். நேரில் சொல்லலாம்தான். ஆனால் இதில் பாதி, ஒரு தாய் வளர்ந்த மகனிடம் முகம் பார்த்துச் சொல்கிற சமாச்சாரம் இல்லை. நான் ஆரம்பித்ததுமே நீ தலையைக் குனிந்துகொண்டு வண்டிச் சாவியைத் தேடுவாய். தாளில் இருந்தால் எங்கே ஓடுவாய்? படித்துவிட்டு ஜீப் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடமும் கொடு. அவர்களுக்கும் அம்மா உண்டு, பெண்டாட்டி உண்டு.

என் கூட்டாளி ராக்கு அத்தையின் காரியம் முடிந்து வந்த அன்றைக்கு, குளித்த ஈரம் சொட்டச் சொட்ட அடுப்படி வாசலில் வந்து நின்றாய். "ஏம்மா, என் கிட்னில ஒண்ண ஒனக்குக் குடுக்கப்போறேன். டாக்டர்கிட்டப் பேசிட்டேன். அடுத்த வாரம் டெஸ்டுக்கு வரச் சொல்லிருக்காக" என்றாய். நான் வழக்கம்போல, "ஏண்டா, அது என்ன கத்தரிக்காயா, ரெண்டு காச்சுக் கெடக்கு ஒண்ணப் பறிச்சுக்கோன்னு சொல்ல?" என்று கேட்டேன். நீ முறைத்துவிட்டு வெளியே போனாய். ராத்திரிச் சோறும் தின்னவில்லை. என் வாய் அப்படித்தான், அழ வேண்டிய இடத்தில் கேலி பேசிவிடும். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். வேண்டாம். அவ்வளவுதான் பதில். ஏன் வேண்டாம், அதற்குப் பதிலாக எனக்கு என்ன வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை தாள்.

டாக்டரம்மா "இனிமே மலைக்குப் போகக் கூடாது" என்று சொன்ன பிறகு என் கைகால்களை என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் முடித்து இந்த ராசிங்காபுரத்துக்கு வந்த வருஷத்திலிருந்து ஜீப் ஏறி ஏலக்காய் எடுக்கப் போன உடம்பு. உன் அப்பா இருந்தபோதும் போனேன், போன பிறகும் போனேன். திடீரென்று வீட்டில் உட்கார் என்றால்? அதனால்தான் வீட்டுக்குப் பின்னால் கிடந்த கருவேலம் புதரை வெட்டித் தரச் சொன்னேன். "இம்புட்டுக்காணு எடத்துல எஸ்டேட்டு போடப்போறியாக்கும்" என்று சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தாய். கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய் போட்டேன். ஒரு பந்தலில் பாகல், இன்னொன்றில் புடலை, வேலியோரம் கொத்தவரை. விளைவதில் பாதி எனக்கு ஆகாது. தக்காளி ஆகாது, கீரை ஆகாது. மற்ற காயையும் நறுக்கி வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுச் சக்கையைத்தான் தின்ன வேண்டும். பேர் வாயில் நுழையாத ஏதோ ஓர் உப்பு அதில் இருக்கிறதாம், அது ஏறினால் நெஞ்சு நின்றுவிடுமாம். கொட்டுகிற தண்ணீரை ஆறவைத்து மிளகாய்ச் செடிக்கு விட்டேன். அது ஜம்மென்று வளர்ந்தது. என்னைக் கொல்கிறது அதை வளர்க்கிறது, பார்த்துக்கொள்.

செடி வளர்க்கத் தெரியும் என்ற திமிர் எனக்கு இருந்தது. இத்தனை வருஷம் ஏலச்செடியோடு குடித்தனம் நடத்தியவள் இல்லையா? ஏலம் ஒரு சீமாட்டி. வெயில் முகத்தில் பட்டால் சுருங்கிவிடும். மேலே நிழல் வேண்டும், காலடியில் ஈரம் வேண்டும், பனி வேண்டும். மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் எஸ்டேட்டில் கழித்துப் போட்ட பச்சை வலையை உன்னை விட்டுக் கொண்டுவரச் சொல்லி, தோட்டம் முழுக்கப் பந்தல் மாதிரி கட்டினேன். உள்ளே நுழைந்தால் மலைக்குப் போன மாதிரி இருந்தது. செடிகளும் சரசரவென்று உயர்ந்தன. ஆனால் வெளிறிப்போய், ஒல்லியாய், வெறும் இலை. பூத்ததும் கொட்டியது. ராக்கு அத்தை வந்து பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியே, கத்தரிக்குக் கொட புடிச்சவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதாண்டி. மல ஒன்ன விட்டுருச்சு, நீ மலய விட மாட்டேங்குறியே." ரோசம் வந்து அன்றைக்கே வலையை அவிழ்த்தேன். அதுவரை நிழலிலேயே வளர்ந்த இலையெல்லாம் பங்குனி வெயிலில் மூணு நாளில் அப்பளமாய்ப் பொரிந்துபோயின. கட்டியதும் தப்பு, ஒரேயடியாய் அவிழ்த்ததும் தப்பு. தக்காளி மொத்தமும் போயிற்று. மிச்சத்தைத் தூர் மட்டும் விட்டு வெட்டி, திரும்பத் துளிர்க்க வைத்தேன்.

துளிர்த்த நேரம் பார்த்துத் தண்ணீர் நின்றது. போர்க்குழாய் காற்றைத்தான் துப்பியது. தெருக்குழாய் வாரத்துக்கு ஒருநாளோ இரண்டு நாளோ, அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. தினமும் சாயங்காலம் மேற்கே மலைமேல் மேகம் கருகருவென்று வந்து உட்காரும். எட்டிப் பிடிக்கலாம் போல இருக்கும். மேலே பெய்துவிட்டு, கீழே நமக்கு ஈரக்காற்றை மட்டும் அனுப்பிவிட்டுப் போய்விடும். தரை பாளம் பாளமாய் வெடித்தது. வெண்டையில் மாவுப்பூச்சி ஏறியது. அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், நீ குளித்த தண்ணீர் எல்லாம் வாளிக்கு வந்தது. உன்னைச் சோப்புப் போடாமல் குளி என்று நான் கத்தியதும், "கத்தரிக்கு நாத்தமடிக்கும்னா நான் நாறணுமா" என்று நீ திருப்பிக் கத்தியதும் தெருவுக்கே தெரியும். அடி விரிசல் விட்ட பழைய பானைகளைச் செடிக்குப் பக்கத்தில் கழுத்து வரைக்கும் புதைத்து, அதில் ஊற்றி மூடினேன். சொட்டுச் சொட்டாய் வேருக்கு இறங்கும். கடலைத் தொலியை வாங்கிக் காலடியில் பரப்பினேன்.

இதில் ஒரு வேடிக்கை, எனக்கும் அதே கணக்குத்தான். நாள் முழுக்க நான் குடிக்க வேண்டிய தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிட வேண்டும். காப்பி, மோர், குழம்பு, மாத்திரை விழுங்குகிற மடக்கு எல்லாம் அதற்குள். அதற்கு மேல் குடித்தால் வெளியே போக வழி இல்லை, காலிலும் நெஞ்சிலும் போய்த் தேங்கும். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுக்குள் பாட்டில் பாதிக்கு வந்துவிடும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போது நான் செம்பை எடுத்துக்கொண்டு போய்ப் பாகலுக்கு ஊற்றுவேன். "எனக்குக் கெடைக்கிறத விட ஒனக்குத்தாண்டி அதிகம், காயி மட்டும் கண்ணுல காட்ட மாட்டேங்குற" என்று திட்டிக்கொண்டே ஊற்றுவேன். மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் உனக்குத் தெரியுமா? சொர்ரென்று ஒரு சத்தம். அதைக் கேட்டால் எனக்குத் தொண்டை கொஞ்சம் நனைந்த மாதிரி இருக்கும். பைத்தியம் என்று சொல்வாய். சொல்லிக்கொள்.

இனிமேல்தான் நீ தலையைக் குனிய வேண்டிய பகுதி. மலைக்குப் போகிற பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. இது உனக்குத் தெரியுமா? நீ தினமும் எங்களை ஏற்றிக்கொண்டு போனவன், இப்போதும் அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறவன், உனக்குத் தெரிந்திருக்காது. முந்தின நாள் ராத்திரி சோறு தின்று கை கழுவியதோடு செம்பைக் கவிழ்த்துவிடுவோம். விடியுமுன்னே ஜீப் ஏறினால் வளைவுக்கு வளைவு குலுக்கி எடுத்து எஸ்டேட் போய்ச் சேருகிற வரைக்கும் வண்டி நிற்காது. மடிமேல் மடியாய் உட்கார்ந்திருப்போம். போய்ச் சேர்ந்ததும் பேர் கூப்பிடுவார்கள், உடனே சரிவில் இறங்கிவிட வேண்டும். காட்டில் ஒதுங்க இடமா இல்லை என்று கேட்பாய். மேலே ஆண்கள் மருந்தடிப்பார்கள், கீழே கங்காணி நிற்பார், காலடியில் அட்டை. உட்கார்ந்தால் பாம்போ புல்லோ தெரியாது. அந்த மலையாளத்துக் கங்காணி நல்ல மனுஷன்தான், தண்ணீர்க் கேன் எடுத்துக்கொண்டு வந்து "வெள்ளம் வேணோ சேச்சி?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்பார். எல்லோரும் ஒரே மாதிரி தலையை ஆட்டுவோம். வேண்டாம். தாகத்துக்குப் பச்சை ஏலக்காய் ஒன்றைக் கிள்ளிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வோம். அது எச்சில் ஊறவைக்கும். புதிதாய் வருகிற பெண்ணுக்குக் காய் எடுக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். சாயங்காலம் வீடு திரும்பித்தான் செம்பைத் தொடுவோம். அதற்குள் சிறுநீர் கடுகடுத்துச் சுள்ளென்று எரியும். அதற்கு ஒரு மாத்திரை, இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை. மாத்திரை விழுங்க மட்டும் ஒரு மடக்கு.

இதுதான் காரணம் என்று டாக்டரம்மா முழுசாய்ச் சொல்லவில்லை. பிரஷர் இருந்திருக்கிறது, தினம் விழுங்கிய வலி மாத்திரையும் இருக்கிறது, தண்ணீர் குடிக்காமல் கிடந்ததும் சேர்ந்துகொண்டது என்றுதான் சொன்னார். ஆனால் நீயே யோசித்துப் பார். இந்த வார்டில் என் பக்கத்துக் கட்டில் யாருடையது? ராக்கு அத்தையுடையது. ஜீப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் தூங்கியவள், இங்கேயும் பக்கத்தில் வந்து படுத்தாள். முதல் நாள் என்னைப் பார்த்ததும், "அட, இங்கயும் எனக்கு முன்னாடியே வந்து எடம் புடிச்சிட்டியாடி?" என்றாள். நர்ஸ் பெண்ணுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "மதினி, இது வேற மாதிரி ஜீப்பு. நாலு மணி நேரம் ஓடும், நின்ன எடத்துலயே நிக்கும்" என்றேன். அப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை அதே கேலிதான். அவள் கட்டிலில் இன்றைக்கு யாரோ ஒரு பெரியவர் படுத்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் எழுதுகிறேன்.

கத்தரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கத்தரிச் செடி மத்தியானம் துவண்டு தொங்கும், பார்க்கிறவர்களுக்குப் பகீரென்று இருக்கும். சாயங்காலம் வெயில் தாழ்ந்தால் ஒன்றும் நடக்காதது மாதிரி நிமிர்ந்துவிடும். தினமும் இதே நாடகம். தண்ணீர் ரொம்பக் குறைந்தபோது நான் ஒரு கணக்குப் போட்டேன். புடலை இலை கருகிக் கொட்டுகிறது, பாகல் கொடி கூப்பாடு போடுகிறது, கத்தரிதான் தாங்குகிறதே என்று அதன் பங்கைப் பாதியாய்க் குறைத்துப் புடலைக்கு ஊற்றினேன். கத்தரி அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. துவண்டது, நிமிர்ந்தது, இரண்டு காய்கூடக் கொடுத்தது. ஒருநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தேன், நிமிரவில்லை. ஒரு குடம் முழுக்க ஊற்றினேன். மறுநாள் காலையிலும் நிமிரவில்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் நூல் நூலாய் உதிர்ந்தது. அது நேற்றுச் சாகவில்லை அப்பு. நிமிர்ந்து நின்ற நாளிலேயே உள்ளே செத்துக்கொண்டு இருந்திருக்கிறது. ராக்கு அத்தை அந்தச் செடியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "சத்தம் போடாததுக்குத் தண்ணி கெடையாது. அப்புடித்தானடி?" என்றாள். அவள் கத்தரியைத்தான் சொன்னாள் என்று அப்போது நினைத்தேன்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் திரும்ப வந்தாள். அன்றைக்கு வெயில் எப்படி இருந்தது என்றால், காக்காய்கூட வாயைத் திறந்துகொண்டு வேலியில் உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் செடிக்கு ஊற்ற டிரம்மில் தண்ணீர் பிடித்து ஈரச்சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். பேசிக்கொண்டே இருந்தவள் எழுந்து போய்ச் சாக்கை விலக்கினாள். முகம் கழுவப் போகிறாள் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் அள்ளிக் குடிக்க ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். "மதினி, என்னா செய்யிற? நாளக்கழிச்சுத்தான் நமக்கு மிஷினு. தாங்காது மதினி." அவள் என் கையை உதறினாள். "விடுடி. ஆயுசு பூராம் குடிக்காமயே கெடந்தேன். அப்ப குடிடின்னு ஒருத்தரும் சொல்லல. இப்ப குடிக்காதங்குறாக. ஒரு தடவ வகுறு நெறயக் குடிச்சுக்கிறேன், விடு." மோவாயில் வழிய வழியக் குடித்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு குளிர்ச்சியை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பொறாமையாக இருந்தது. மறுநாளே மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் தேனிக்கு வருவதற்கு முன்னால் முடிந்துவிட்டது. இழவு வீட்டில் எல்லோரும் விதி விதி என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்ததை நீ அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாய். அதில் பயந்துதான் கிட்னி தருகிறேன் என்று வந்து நின்றாய் என்றும் எனக்குத் தெரியும்.

நீ கோபித்துக்கொண்டு போன மறுநாள் நடந்ததைக் கேள். உன் பெண்டாட்டி முத்துமாரி உன் ஜீப்பில்தானே எஸ்டேட்டுக்குப் போய் வருகிறாள்? இறங்கி வந்ததும் உட்காராமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். ஊசி போடுகிற இந்தக் கையால் நான் கனம் தூக்கக் கூடாது என்பதால் தோட்டத்துத் தண்ணீர் மொத்தமும் அவள் இடுப்பில்தான் வருகிறது. கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு நாம் கொடுத்த சீதனம் அந்தக் குடம். நாலாவது குடத்தை இறக்கும்போது வேலிக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்திருந்தது. கன்னத்தில் உருண்டையாய் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"என்னடி கன்னத்துல? பல்லு வீங்கிருக்கா?"

"இல்லத்தே." வாயிலிருந்து எடுத்துக் காட்டினாள். சப்பிச் சப்பி வெளுத்துப்போன ஏலக்காய்.

அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். "இத யாருடி ஒனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"எங்கம்மாதான். நான் மொத மொதல்ல மலைக்குப் போகையில சொன்னாக."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினேன். "வேணாந்தே, செடிக்கே பத்தாது" என்று சிரிக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. "எரியுதா?" என்று கேட்டேன். "ஒரு மாசமா இருக்குத்தே. ரெண்டு நாளா ரெத்தமா போகுது. அவுககிட்டச் சொல்லிறாதீக."

"ஏண்டி, தாலி கட்டுனவன்தானடி வண்டிய ஓட்டுறான்? நிறுத்தச் சொல்ல வாயில்லயா ஒனக்கு?"

"வண்டியில அத்தன பேரு இருக்கையில நான் எப்புடித்தே கேக்குறது? பொண்டாட்டிக்காக வண்டிய நிறுத்துறான்னு ஸ்டாண்டுல அவுகள ஓட்டிருவாக. அதோட நிக்காத வண்டின்னு அவுகளுக்கு அம்புட்டுப் பெரும."

ஆமாம், நிக்காத வண்டி. போடி ஸ்டாண்டில் உனக்கு அந்தப் பேர் இருப்பது எனக்கும் தெரியும். எல்லோருக்கும் முன்னால் போய் எஸ்டேட்டில் ஆள் இறக்குகிறவன், நடுவில் எங்கேயும் பிரேக் போடாதவன் என்று. கேட்டு நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டவள்தான், எனக்குக் காலர் இல்லாவிட்டாலும். அன்றைக்கு அந்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அந்தப் பேர் காதில் வேறு மாதிரி விழுந்தது. அவளைக் கல்லில் உட்காரவைத்து, அந்தத் தண்ணீரைக் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். அவள் மடக் மடக்கென்று குடிக்கிற சத்தத்துக்கு என் தொண்டை ஏறி ஏறி இறங்கியது. அவளுக்கு நடுவில் அது தெரிந்துவிட்டது. செம்பை இறக்கிவிட்டு, "ஒங்களப் பாக்க வச்சுக்கிட்டு நான் எப்புடித்தே குடிப்பேன்" என்று அழுதாள். "குடிடி கழுத. எனக்கும் சேத்துக் குடி" என்றேன். மறுநாள் உன்னிடம் கோவிலுக்கு என்று பொய் சொல்லி ரெண்டு பேரும் போனது ஆஸ்பத்திரிக்குத்தான். நோய் இன்னும் மேலே ஏறவில்லை, இப்போதே பார்த்தால் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். மருந்து கொடுத்திருக்கிறார். ஆனால் மருந்தைவிட முக்கியம் தண்ணீராம், நாள் பூராவும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம், அடக்கக் கூடாதாம். அந்த அறைக்குள் நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், உன் கிட்னி எனக்கு வேண்டாம். எனக்கு அம்பது தாண்டியாயிற்று. இந்த மிஷின் ஓடுகிற வரைக்கும் ஓடட்டும். நீ ஒன்றை அறுத்துக் கொடுத்துவிட்டு அந்த வளைவுகளில் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, நான் வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாய் மோர் குடிக்கவா? இன்னொன்றும் சொல்கிறேன், கசக்கும், பாகலைவிடக் கசக்கும். உன்னிடம் இருக்கிற ரெண்டையும் பத்திரமாய் வைத்துக்கொள். வண்டி இப்படியே நிற்காமல் போனால் நாளைக்கு உன் பெண்டாட்டிக்கு ஒன்று தேவைப்படும். அவளுக்குக் கொடுத்த பிறகு, அதே பெஞ்சில் உட்கார்ந்து வருகிற மற்றவர்களுக்கு யாரிடம் போய்க் கேட்பாய்? ராக்கு அத்தையின் மருமகளும் அந்த ஜீப்பில்தான் வருகிறாள்.

லேட்டானால் கங்காணி அரை நாளைக் கழித்துவிடுவார் என்று சொல்வாய். தெரியும். அதனால் முத்துமாரியை விட்டு எல்லோரிடமும் கேட்டுவிட்டேன், கொஞ்சம் முன்னாலேயே வந்து ஏற அத்தனை பேருக்கும் சம்மதம். நீ எழுந்திருப்பதுதான் பாக்கி. இறங்கும்போது மலையுச்சி மெட்டில் நீ டீ குடிப்பாயே, அந்தக் கடைக்குப் பின்னால் கதவு போட்ட கக்கூஸ் இருக்கிறது. கடைக்காரர் சம்சாரத்திடம் போனில் பேசிவிட்டேன். "எங்க மகன் வண்டி காலையில நிக்கும்த்தா, தாப்பாளத் தெறந்து வையி" என்றேன். "ஒங்க மகன் வண்டியா? நிக்குமா?" என்று கேட்டு அவளும் சிரித்தாள். எஸ்டேட்டுக்குள் என்ன செய்வது என்பதைப் பெண்கள் கூடிக் கங்காணியிடம் பேசப்போகிறார்கள். அது அவர்கள் சோலி. வழி மட்டும் உன் கையில் இருக்கிறது.

தோட்டத்தில் இன்றைக்கு மிச்சம் இருப்பது வேலியோரத்துக் கொத்தவரையும், மிளகாயும், ஒரு பாகல் கொடியும்தான். மழை வருமா, அதுவரை இதுகள் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. தாங்காவிட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு ஆடியில் திரும்ப விதைப்பேன். செடிக்கு அந்த வசதி உண்டு.

நர்ஸ் பெண் ஊசியை எடுக்க வருகிறாள், முடித்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் டெஸ்டுக்கு என்று இங்கே வந்து நிற்காதே, வந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். வருகிற திங்கட்கிழமை விடிகாலையில், நீ வண்டியைக் கிளப்புகிற இடத்தில், நான் குடமும் செம்புமாய் நிற்பேன். முத்துமாரியில் தொடங்கி ஏறுகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து, அவள் குடித்து முடித்த பிறகுதான் படியில் கால் வைக்க விடுவேன். அப்புறம் மெட்டு வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று நிக்காத வண்டிக்காரன் நீயே யோசித்துக்கொள்.